சிறிய தட்டைத்திரை டிவி: வரி முதல் சுவரில் மாட்டுவது வரை... வாங்குவோர் அறிய வேண்டியவை

புதுடெல்லி: தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டு 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் 32 அங்குல டிவியின் விலையும் குறைந்திருக்கும் என்ற எதிர்பார்ப்புடன் கடைக்குச் சென்ற பலர் ஏமாற்றத்துடன் திரும்பினர். கடைக்காரர் வரிச்சலுகையை மறைத்துவிட்டார் என்று கருதியவர்களும் உண்டு. உண்மை வேறு. 32 அங்குலம் வரையிலான தொலைக்காட்சிகளுக்கு 18 சதவீத வரி 2019 ஜனவரி 1 முதலே நடைமுறையில் உள்ளது. 2025இல் குறைந்தது, அதற்கு மேற்பட்ட அளவுகளுக்கான வரி மட்டுமே.

சிறிய வாடகை வீடுகள், விடுதி அறைகள், பெற்றோருக்கான தனி அறை என நாடு முழுவதும் பெரும்பாலான குடும்பங்களில் நுழையும் முதல் தட்டைத்திரை, 24 முதல் 32 அங்குலத்துக்குள் அடங்கும் சிறிய டிவிதான். பலருக்கு இது ஒரு மாத ஊதியத்தின் கணிசமான பகுதி. அந்தப் பணம் வீணாகாமல் இருக்கவும், வீட்டில் உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து நேராமல் இருக்கவும், வாங்குவதற்கு முன்பும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை வருமாறு.

வரி மாற்றத்தால் யாருக்குப் பயன்?

வரி சேர்க்காத விலை ரூ.20,000 என உள்ள ஒரு 43 அங்குல டிவியை எடுத்துக்கொள்வோம். 28 சதவீத வரியுடன் அதன் விலை ரூ.25,600 ஆக இருந்தது. 18 சதவீத வரியுடன் அது ரூ.23,600 ஆகிறது. ரூ.2,000 குறைவு. அதாவது வரி 10 சதவீதப் புள்ளிகள் குறைந்தாலும், வாடிக்கையாளர் செலுத்தும் தொகையில் ஏற்படும் குறைவு ஏறத்தாழ 8 சதவீதமே.

இதனால் சிறிய டிவிக்கும் நடுத்தர டிவிக்கும் இடையிலான விலை இடைவெளி சற்றுக் குறைந்துள்ளது. ஆயினும், விலை நெருங்கிவிட்டது என்பதற்காகப் பெரிய திரையை வாங்குவது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அதைத் தீர்மானிக்க வேண்டியது அறையின் அளவே.

எந்த அறைக்கு எந்த அளவு?

டிவியின் அளவு என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையிலான குறுக்களவு. 32 அங்குலம் என்பது சுமார் 81 சென்டிமீட்டர். அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் 80 செ.மீ. என்று அச்சிடப்பட்டிருக்கும். இத்தகைய திரையின் அகலம் ஏறத்தாழ 71 செ.மீ., உயரம் 40 செ.மீ. சட்டத்தின் அளவு இதனுடன் சற்றுக் கூடும்.

அமர்ந்து பார்க்கும் இடத்துக்கும் திரைக்கும் இடையிலான தொலைவு, குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை இருப்பது வசதியானது. அதன்படி 32 அங்குல டிவிக்கு சுமார் 1.2 மீட்டர் முதல் 2 மீட்டர் வரை பொருத்தமான தொலைவாகும். 43 அங்குல டிவிக்கு அது 1.6 முதல் 2.7 மீட்டர். கட்டிலுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே ஆறடி மட்டுமே உள்ள அறையில் 32 அங்குலமே போதுமானது. கடைக்குச் செல்லுமுன் வீட்டில் இந்த ஒரு தொலைவை அளந்துகொண்டு சென்றால், விற்பனையாளரின் பேச்சில் குழம்ப வேண்டியிராது.

எச்டி ரெடியா, முழு எச்டியா?

சிறிய டிவிகளில் பெரும்பாலானவை எச்டி ரெடி எனப்படும் 1366 x 768 புள்ளிகள் கொண்ட திரையுடன் வருகின்றன. முழு எச்டி என்பது 1920 x 1080 புள்ளிகள். 4கே என்பது 3840 x 2160 புள்ளிகள்.

32 அங்குல எச்டி ரெடி திரையில் ஒரு புள்ளியின் உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இயல்பான பார்வைத்திறன் கொண்ட ஒருவர் சுமார் 1.8 மீட்டருக்கு அப்பால் அமர்ந்தால், அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய இயலாது. எனவே இரண்டு மீட்டர் தொலைவில் அமர்ந்து செய்தியும் தொடரும் பார்க்கும் குடும்பத்துக்கு முழு எச்டிக்காகக் கூடுதல் தொகை செலவிடுவதில் பெரும் பயன் இல்லை. மாறாக, அதே டிவியை மாணவர் ஒருவர் மேசையில் வைத்துக் கணினித் திரையாகவும் பயன்படுத்த எண்ணினால், எழுத்துகள் தெளிவாகத் தெரிய முழு எச்டியே ஏற்றது.

புதிய டிவியில் படம் மங்கலாகத் தெரிவது ஏன்?

புதிய தட்டைத்திரை வாங்கியவர்களிடம் அடிக்கடி எழும் மனக்குறை இது: "பழைய டிவியிலேயே படம் நன்றாக இருந்தது." பல நேரங்களில் குறை டிவியில் இருப்பதில்லை. சாதாரண எஸ்டி ஒளிபரப்பில் படத்துக்கு 576 வரிகளே உள்ளன. பழைய குழாய்த் திரை அந்த அளவுக்கென்றே அமைந்தது. புதிய திரை அதே 576 வரிகளை 768 அல்லது 1080 வரிகளாக இழுத்து நிரப்ப வேண்டியுள்ளதால், படத்தின் குறைகள் பெரிதாகத் தெரிகின்றன.

பழைய செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி கம்பியால் இணைப்பது மற்றொரு காரணம். அக்கம்பி எச்டி தரத்தைக் கடத்தாது. பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதன் வழியாகவே இணைக்க வேண்டும். இல்லையெனில் கேபிள் அல்லது டிடிஎச் நிறுவனத்திடம் எச்டி பாக்ஸுக்கு மாறுவது குறித்துக் கேட்கலாம். முகங்கள் அகன்று, உருவங்கள் குட்டையாகத் தெரிந்தால், பழைய 4:3 வடிவப் படம் 16:9 திரையில் இழுக்கப்படுகிறது என்று பொருள். ரிமோட்டில் உள்ள பட அளவு அமைப்பை மாற்றினால் அது சரியாகிவிடும்.

டிவியில் குறைந்தது இரண்டு எச்டிஎம்ஐ துளைகளும் ஒரு யூஎஸ்பி துளையும் இருப்பது நல்லது. ஒன்று செட்டாப் பாக்ஸுக்கு, மற்றொன்று பின்னாளில் வாங்கக்கூடிய ஸ்டிரீமிங் கருவிக்கு.

இரண்டு முத்திரைகளைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்

இந்தியாவில் விற்கப்படும் தட்டைத்திரைத் தொலைக்காட்சிகள், உரிய பாதுகாப்புத் தரத்தின்கீழ் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இல் பதிவு பெற்றிருக்க வேண்டும். டிவியின் பின்புற ஒட்டியில் ஆர் என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண் அச்சிடப்பட்டிருக்கும். 'பிஐஎஸ் கேர்' என்ற கைபேசிச் செயலியில் அந்த எண்ணை உள்ளிட்டால், அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்பது தெரியவரும். பெயர் தெரியாத நிறுவனத்தின் டிவி மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, எரிசக்தித் திறன் செயலகம் வழங்கும் நட்சத்திரக் குறியீடு. வண்ணத் தொலைக்காட்சிகளுக்கு இது கட்டாயம். நட்சத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அதில் அச்சிடப்பட்டுள்ள ஆண்டு மின் நுகர்வையும் ஒப்பிட வேண்டும்.

32 அங்குல எல்இடி டிவி 50 வாட் மின்சாரம் எடுத்துக்கொள்வதாகவும், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் இயங்குவதாகவும் கொண்டால், 30 நாட்களில் ஏழரை யூனிட் செலவாகும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரிமோட்டில் டிவியை மட்டும் அணைத்துவிட்டு, செட்டாப் பாக்ஸை இரவும் பகலும் இயங்க விடுவது பல வீடுகளில் வழக்கம். அந்த பாக்ஸ் 10 வாட் எடுத்துக்கொண்டால்கூட, 24 மணி நேரக் கணக்கில் 30 நாட்களுக்கு 7.2 யூனிட் ஆகிறது. அதாவது, யாரும் பார்க்காத நேரத்தையும் சேர்த்து, டிவிக்கு நிகரான மின்சாரத்தைச் சிறிய பாக்ஸே எடுத்துக்கொள்கிறது. சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பதே இதற்குத் தீர்வு.

சுவரில் மாட்டும்போது

32 அங்குல டிவியின் எடை பெரும்பாலும் 4 முதல் 5 கிலோவுக்குள் இருக்கும். எடை குறைவு என்பதால் எந்த ஆணியிலும் தொங்கவிடலாம் என்று எண்ணக் கூடாது. டிவியின் பின்புறத்தில் நான்கு திருகுத் துளைகள் குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்திருக்கும். இதற்கு வெசா அளவு என்று பெயர். சிறிய டிவிகளில் 100 x 100, 200 x 100 அல்லது 200 x 200 மில்லிமீட்டர் என்ற அளவுகள் காணப்படுகின்றன. தாங்கியை வாங்கும்போது இந்த அளவு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தேவைக்கு மேல் நீளமான திருகைப் பயன்படுத்தினால், அது உள்ளே உள்ள மின்பலகையைத் துளைத்துவிடும்.

செங்கல் சுவரிலும் கான்கிரீட்டிலும் வழக்கமான பிளாஸ்டிக் பிளக்கும் திருகும் போதுமானவை. அண்மைக்காலக் குடியிருப்புகளில் பயன்படுத்தப்படும் ஏஏசி எனும் எடை குறைந்த கற்களிலும், உள்ளீடற்ற கற்களிலும் சாதாரண பிளக் நாளடைவில் தளர்ந்துவிடும். அவற்றுக்கென உள்ள தனி வகைப் பிளக்குகளே ஏற்றவை. பிளக் வெறும் சிமென்ட் பூச்சில் மட்டும் நிற்காமல், கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும். சுவிட்ச் பலகைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடக் கூடாது. மின்கம்பிக் குழாய்கள் அந்த வழியிலேயே செல்வது வழக்கம்.

உயரம் தவறாக அமைவதே அதிகம் காணப்படும் பிழை. கதவு நிலைக்கு மேலே, கூரையை ஒட்டி மாட்டப்படும் டிவி கழுத்து வலியைத் தரும். எல்இடி திரைகளில் பலவற்றைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது நிறமும் வெளிறித் தெரியும். நாற்காலியில் அமர்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 110 செ.மீ. வரை இருக்கும். திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்தில் இருக்க, டிவியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து சுமார் 80 முதல் 90 செ.மீ. உயரத்தில் அமைந்தால் போதும். தரையில் அமர்ந்து பார்க்கும் குடும்பமாயின் இன்னும் தாழ்வாக வைக்கலாம். துளையிடுவதற்கு முன், வழக்கமாக அமரும் இடத்தில் ஒருவர் அமர்ந்துகொள்ள, மற்றொருவர் அட்டைப்பெட்டியைச் சுவரில் பிடித்துக் காட்டி உயரத்தை முடிவு செய்வது எளிய வழி.

சன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் பகல் வெளிச்சம் திரையில் எதிரொளிக்கும். சன்னல் உள்ள சுவருக்குச் செங்குத்தான சுவரே சிறந்தது. அடுப்பின் ஆவியும் எண்ணெய்ப் புகையும் படும் இடத்தையும், மழைக்காலத்தில் நீர் ஊறும் சுவரையும் தவிர்க்க வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

வாடகை வீட்டில் துளையிட உரிமையாளர் அனுமதிக்காத நிலையில், பலர் டிவியை மேசை அல்லது அலமாரியின் மீது வைக்கின்றனர். ஆபத்து இங்குதான் தொடங்குகிறது. தட்டைத்திரை மெல்லியது. அதன் அடிப்பகுதியும் குறுகியது. நடக்கத் தொடங்கிய குழந்தை திரையைப் பிடித்து எழ முயன்றாலோ, அலமாரியின் இழுப்பறைகளில் கால் வைத்து ஏறினாலோ, டிவி அலமாரியோடு சேர்ந்து சாயக்கூடும். நான்கைந்து கிலோ எடையும் கூரிய விளிம்பும் கொண்ட பொருள் ஒரு குழந்தையின் தலையில் விழுவதற்கு ஒரு நொடி போதும்.

எனவே டிவியின் இரு கால்களும் மேசைக்குள் முழுமையாக அடங்க வேண்டும். பெரும்பாலான 32 அங்குல டிவிகளின் கால்கள் இரு ஓரங்களில் அமைந்திருப்பதால், மேசையின் அகலத்தை முன்கூட்டியே அளக்க வேண்டும். பின்புறத் திருகுத் துளைகளில் பட்டை ஒன்றைப் பொருத்தி, சுவருடனோ கனமான மேசையுடனோ கட்டிவிட வேண்டும். தொங்கும் கம்பிகளைச் சுருட்டி மறைக்க வேண்டும். பொம்மைகளையும் ரிமோட்டையும் டிவியின் மேலோ பின்னாலோ வைக்கக் கூடாது. அவற்றை எடுக்கவே குழந்தைகள் ஏறுகின்றனர். பழைய குழாய் டிவியை அலமாரியின் மேல் அப்படியே விட்டுவைத்திருப்போர் அதை உடனே இறக்க வேண்டும். அதன் எடை முழுவதும் முன்புறமாகச் சாய்ந்திருப்பதால் அது இன்னும் ஆபத்தானது.

கட்டணமின்றியும் பார்க்கலாம்

கேபிள், டிடிஎச் இணைப்புகளுடன், பிரசார் பாரதியின் 'டிடி ஃப்ரீ டிஷ்' சேவையும் நாடு முழுவதும் கிடைக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கப்பட்ட இச்சேவைக்கு மாதக் கட்டணம் இல்லை. டிஷ், பாக்ஸ், பொருத்தும் கூலி ஆகியவற்றுக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும். கிழக்கு 93.5 பாகையில் நிலைகொண்டுள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து அலைகள் வருவதால், நாட்டின் பெரும்பகுதியில் டிஷ் தென்கிழக்குத் திசையை நோக்கி அமைய வேண்டும். அசாம் போன்ற வடகிழக்குப் பகுதிகளில் அது ஏறத்தாழ நேர் தெற்கு. அத்திசையில் மரமோ உயர்ந்த கட்டடமோ மறைக்கக் கூடாது.

செட்டாப் பாக்ஸ் இல்லாமலே டிஷ் கம்பியை நேரடியாக டிவியில் செருகும் வகையில், உள்ளமைந்த செயற்கைக்கோள் ட்யூனர் கொண்ட டிவிகளுக்கான ஐஎஸ் 18112:2022 என்ற தரத்தையும் பிஐஎஸ் வெளியிட்டுள்ளது. இவ்வசதி உள்ளதா என்பதைக் கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

இணையம் வழியாகப் பார்ப்போர் தரவுக் கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க ஏறத்தாழ 3 ஜிபி வரை செலவாகலாம். நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தின் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஸ்மார்ட் டிவி வாங்கினால், ஒரு திரைப்படத்தின் பாதியிலேயே தரவு தீர்ந்துவிடும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

டிவியை முதன்முறை இயக்கும்போது, கடைப் பயன்முறையா வீட்டுப் பயன்முறையா என்று கேட்கப்படும். வீட்டுப் பயன்முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைப் பயன்முறையில் திரை உச்ச வெளிச்சத்தில் எரிவதால் மின்சாரம் கூடுதலாகும், கண்ணும் களைப்படையும்.

ஸ்மார்ட் டிவியில் 'பார்வைத் தகவல்களைப் பகிர' அனுமதி கோரும் பகுதிகளைப் படித்த பின்னரே ஒப்புதல் அளிக்க வேண்டும். அவற்றுக்கு மறுப்புத் தெரிவித்தாலும் நிகழ்ச்சிகளைப் பார்ப்பதில் தடை ஏற்படாது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஓடிடி தளங்கள் தங்கள் படைப்புகளை வயது வாரியாக வகைப்படுத்த வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான நிகழ்ச்சிகள் முதல் பெற்றோர் பூட்டு வசதியையும் அளிக்க வேண்டும். அந்தப் பூட்டு எண்ணை முதல் நாளே அமைத்துவிடுவது நல்லது.

குறைந்த விலை ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் 1 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பகம் மட்டுமே உள்ளன. சில ஆண்டுகளில் செயலிகள் மெதுவாக இயங்கத் தொடங்கும். அப்போது டிவியை மாற்றத் தேவையில்லை. எச்டிஎம்ஐ துளையில் ஸ்டிரீமிங் கருவியைச் செருகினால் பழைய திரையே புதுத்திறன் பெறும்.

பழுது, இடி, புகார்

இடி மின்னலின்போது ரிமோட்டில் அணைப்பது பாதுகாப்பு ஆகாது. மின் செருகியுடன், டிஷ் அல்லது கேபிள் கம்பியையும் டிவியிலிருந்து கழற்ற வேண்டும். மின்னழுத்தம் அக்கம்பி வழியாகவும் பாயக்கூடும். புயல் நெருங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும், இடி இடிக்கும்போது கம்பிகளைத் தொடக் கூடாது. திரையைத் துடைக்க உலர்ந்த மென்துணி போதும். நீரையோ கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ திரையில் நேரடியாகத் தெளித்தால், அது கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கிப் பேனலைக் கெடுத்துவிடும்.

ஒலி கேட்கிறது, படம் இல்லை என்றால் பேனல் போய்விட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். இருட்டறையில் திரைக்கு அருகே டார்ச் விளக்கை அடித்துப் பார்க்கையில் படம் மங்கலாகத் தெரிந்தால், பழுதானது பின்னொளி விளக்குப் பட்டையாக இருக்கலாம். அதை மாற்றும் செலவு, பேனல் மாற்றும் செலவைவிட வெகு குறைவு. பேனலே உடைந்திருந்தால், பழுது நீக்கும் தொகை புதிய சிறிய டிவியின் விலையை நெருங்கிவிடும். உடைந்த திரைக்கு உத்தரவாதம் பொதுவாகப் பொருந்தாது. எனவே இணையத்தில் வாங்குவோர், பெட்டியைப் பிரிப்பது முதல் திரை ஒளிர்வது வரை காணொளியாகப் பதிவு செய்து, ரசீதுடன் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

நிறுவனம் பதிலளிக்க மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். அதிலும் தீர்வு கிடைக்காவிடில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். ரூ.5 லட்சம் வரை மதிப்புள்ள பொருட்களுக்கான புகாருக்குக் கட்டணம் இல்லை.

பயன்பாடு முடிந்த டிவியைப் பழைய இரும்புக் கடையில் உடைக்கக் கொடுப்பது தவறு. குழாய் டிவியின் கண்ணாடியில் ஈயமும், தொடக்கக்கால எல்சிடி திரைகளின் விளக்குகளில் பாதரசமும் உள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய தொலைக்காட்சிகள் முறைப்படி மறுசுழற்சி செய்யப்படுவதை உறுதி செய்யும் பொறுப்பு உற்பத்தி நிறுவனங்களுக்கு உண்டு. புதிய டிவியை வாங்கும்போதே, பழையதைத் திரும்பப் பெறும் வசதி உள்ளதா என்று அந்நிறுவனத்திடம் கேட்டறியலாம்.